கணியம்பாடியில் குதிரை பார்த்த ஞாயிறு

எங்கள் லாயத்துக் குதிரைகளில் மூன்றுக்கு முன்னங்காலின் பின்பக்கம் தோல் உரிந்தது. அதற்காக நான் ஆம்பூர் வரை வர வேண்டியதாயிற்று.

மலேசியாவில், திரங்கானுவில், நீண்டதூரக் குதிரையோட்டப் போட்டிகளுக்குப் போகும் குதிரைகளுக்கு நான் மருத்துவர். ஒரே நாளில் நாற்பது, எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடும் போட்டிகள் அவை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரையை நிறுத்தி மருத்துவர் பார்க்க வேண்டும். இதயத்துடிப்பு, ஈறின் நிறம், குடல் சத்தம், சேணம் அழுத்திய இடங்கள் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாகக் குதிரையை ஓடவிட்டு நடையையும் பார்ப்போம். நொண்டினால் அதோடு முடிந்தது. முதலாவதாக வந்து சேர்ந்த குதிரையாக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். மனிதனின் அவசரத்துக்கு விலங்கின் பக்கமிருந்து ஒருவர் ‘போதும்’ என்று சொல்ல இடம் இருக்கிறது என்பதால்தான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்.

எண்பது கிலோமீட்டர் போட்டி ஒன்றில் எங்கள் குதிரைகள் மூன்று அப்படி வெளியேறின. சேணத்தை வயிற்றோடு இழுத்துக் கட்டும் பட்டை மூன்றுக்கும் ஒரே இடத்தில் அறுத்திருந்தது. மூன்று பட்டைகளும் ஆம்பூரிலிருந்து வந்தவை. “உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீயே போய்ப் பேசிவிட்டு வா” என்றார் மலாய்க்கார முதலாளி. என் தாத்தாவின் அப்பா கப்பலேறிப் புறப்பட்ட நாட்டுக்கு நான் முதல்முறையாகப் போனது, பையில் மூன்று அழுக்குப் பட்டைகளோடு.

வியாழக்கிழமை மதியம் ஆம்பூரில் இறங்கினேன். விடுதிக்காரரிடம் தொழிற்சாலைக்கு வழி கேட்டேன். “ஃபேக்டரி எங்கயும் ஓடிப்போவாது. பிரியாணி ஆறிப்போவும். மொதல்ல சாப்டுங்க” என்றார். சீரகச் சம்பா அரிசி, மிளகாய் ஊறிய சிவப்பு, பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காய். எங்கள் ஊர்க் கல்யாண பிரியாணியில் பட்டையும் ஏலக்காயும்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே கறிதான் நின்றது. இரண்டாம் முறை சோறு கேட்டபோது விடுதிக்காரர், ‘சொன்னேன்ல’ என்பதுபோலத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனேன். ஊரில் பெரும்பாலும் காலணிதான் தைக்கிறார்கள். இம்தியாஸ் பாயின் சிறிய ஆலையில் குதிரைக்கான வார்களும் பட்டைகளும் மட்டும். அறுபது வயதுக்காரர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுநாடா. ஜும்மா தொழுகைக்கு முன் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று என்னை நேராகப் பரிசோதனை மேசைக்கு அழைத்துப் போனார். வழியில் இரண்டு தொழிலாளிகள் உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

மேசையில் இருந்த பெண் தலை தூக்கினாள். “உங்களப் பத்திதான் பேசறாங்க, மேடம். ‘இந்தம்மாவ குதிர ஒதைச்சா தாங்குமா’ன்னு கேக்கறான் ஒருத்தன். ‘டாக்டருன்னா குதிரயே பயப்படும்டா’ன்றான் இன்னொருத்தன்.”

அவள் பெயர் கவிதா. முப்பத்தாறு வயது. குடியாத்தத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்யும் குடும்பம். பி.காம். முடித்துவிட்டுப் பத்து வருடமாக இங்கே வேலை. முடிந்த பொருளைத் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் தன் எண் போட்ட சின்ன ஒட்டுத்தாளை உள்பக்கம் ஒட்டுவாள். சரியில்லை என்றால் சிவப்புக் கூடை.

நான் பட்டைகளை மேசையில் போட்டேன். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கட்டைவிரலை உள்விளிம்பில் ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பவும் ஓட்டினாள். அதே இடம்.

“மடிப்பு உள்ள திரும்பிக்கினு இருக்குது. தையல் மேல வந்துட்டுது. காய்ஞ்சா தெரியாது. வேர்வைல ஊறினா கத்தி மாதிரி ஆயிடும்.” பட்டையைப் புரட்டினாள். “ஏழாம் நம்பர். என்னோடதுதான். நான்தான் பாஸ் பண்ணேன்.”

இம்தியாஸ் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். “இல்ல பாய், மெஷின் மேல பழி போட முடியாது. இது என் கைக்குத் தெரிஞ்சிருக்கணும். மேடம், குதிரைங்களுக்கு இப்ப எப்டிக்குது?”

ஆறிவிட்டது என்றேன். வாக்குவாதத்துக்காகக் கோலாலம்பூரிலிருந்தே சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வீணாயின. தைத்த பட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வது, விளிம்பை வெளிப்பக்கம் மடிப்பது என்று பத்து நிமிடத்தில் முடிந்தது.

தேநீர் வந்தது. இரண்டு மடக்கில் தீரும் கண்ணாடிக் குவளை. எங்கள் ஊரில் ஒரு குவளையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். அந்த இரண்டு மடக்குக்குள் இம்தியாஸ் பாய் ஒரு விஷயம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடியில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டம். சென்னை, பெங்களூரிலிருந்து குதிரைகள் வருகின்றன, மொத்தம் பன்னிரண்டு. வரவேண்டிய மருத்துவருக்குக் காய்ச்சல். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் மட்டும்தான் இருக்கிறார். “நீங்க கூட நின்னா அவருக்குத் தைரியமா இருக்கும், டாக்டர். நம்ம கவிதாவும் ஓட்டறா.”

நான் கவிதாவைப் பார்த்தேன்.

“சாம்பிள் பட்டையப் போட்டுப் பாக்க பாய் ஒரு குதிர வச்சிக்கிறாரு, மேடம். மைனான்னு பேரு. ஏறிப் பாக்க ஆள் வேணும்னாங்க. ஆம்பளைங்கல்லாம் வெய்ட் ஜாஸ்தி. நான் கம்மி. அப்டித்தான் ஏறினேன்” என்றாள். ஏறி ஆறு வருடமாகிறதாம்.

சனிக்கிழமை வேலூர். ஸ்டெதஸ்கோப்பை நான் கொண்டு வந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிகளால் வாழும் ஊரில் அதை வாங்க ஐந்து நிமிடம் ஆனது. கடைக்காரர், “எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். குதிரை என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அப்ப பெரிய சைசா எடுத்துக்கங்க” என்றார்.

வாளி, கடற்பஞ்சு, பரீட்சை அட்டை வாங்க ஆட்டோ லாங் பஜாருக்குள் நுழைந்தது. நுழைந்ததோடு சரி. முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, பின்னால் இருசக்கர வண்டிகள், நடுவே நாங்கள். இருபது நிமிடம் கழித்து ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார். “பேஜாரா கீது. எறங்கி நடந்துடுங்க, மேடம். நான் வந்தா வர்றேன்.” நான் வாங்கி முடித்துத் திரும்பியபோதும் அவர் அங்கேயே, வெங்காயக்காரரோடு ஏதோ குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கணியம்பாடியில், நிலக்கடலை வயல்களுக்கு நடுவே ஒரு தோப்பில், மைனாவைப் பார்த்தேன். உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும் காதுகள். செம்பழுப்பு நிறம். பதினான்கு வயது. ஓட்டத்துக்கு முந்தைய சோதனையில் ஒரு குறையும் இல்லை. கவிதா மைனாவின் முன்நெற்றி மயிரை ஒதுக்கியபடியே சொன்னாள்:

“இந்த நாப்பத முடிச்சாத்தான் பெங்களூர்ல அறுபதுக்கு எடுப்பாங்க. போன வருஷம் கடைசி செக்குல துடிப்பு ரெண்டு ஜாஸ்தி, வெளிய அனுப்பிட்டாங்க. இதான் இவளுக்குக் கடைசி சீசன். அடுத்த வருஷம் ரெஸ்ட்டுன்னு பாய் சொல்லிட்டாரு. எங்க வீட்ல, ‘லுங்கி நெய்யற வீட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்குக் குதிர’ன்றாங்க. ஒருதபா அறுபது ஓட்டிட்டா அப்பறம் அவங்க இன்னா சொன்னாலும் பரவால்ல.”

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பனி விலகாத ஏரிக்கரையில் பன்னிரண்டு குதிரைகளும் கிளம்பின. தை மாதக் குளிர். எங்கள் ஊர்க் குதிரைகள் இந்தக் காற்றுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கும். இருபது கிலோமீட்டர் சுற்றி வந்து, நாற்பது நிமிடம் இளைப்பாறி, மறுபடி இருபது. நடுவில், தோப்பு ஓரத்துச் செம்மண்ணில், எங்கள் சோதனை.

உள்ளூர் மருத்துவர் பிரபுவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாளெல்லாம் மாடு பார்க்கிறவர். “குதிரைய புஸ்தகத்துல பாத்ததுதான் ஜாஸ்தி, மேடம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நல்ல காது, பதறாத கை. விதிப்படி சந்தேகம் வந்தால் மூன்று பேர் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆளாக லாடம் அடிக்கும் மஸ்தானை நிறுத்திக்கொண்டோம். கல்யாணக் குதிரைகள் அத்தனைக்கும் அவர்தான் லாடம் என்று இம்தியாஸ் பாய் சொன்னார்.

மைனா நான்காவதாக வந்தாள். தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, சோதனைக்குக் கொண்டு வந்தபோது துடிப்பு ஐம்பத்திரண்டு. அறுபத்துநான்குக்குள் இருந்தால் போதும். ஈறு இளஞ்சிவப்பு, குடலில் நல்ல இரைச்சல், பட்டை பட்ட இடத்தில் ஒரு கீறல் இல்லை. கவிதாவின் முகத்தில் அடக்கி வைத்த சிரிப்பு.

“ஓட்டும்மா” என்றேன்.

நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டம் ஒன்று உண்டு, டிராட் என்பார்கள். அதில்தான் நொண்டல் தெரியும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் கணத்தில் குதிரை தலையைத் தூக்கும், பாரத்தைக் குறைக்க. கவிதா கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். நாற்பது மீட்டர் போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி எங்களை நோக்கி வரும்போது, இடது முன்னங்கால் ஊன்றிய இரண்டு எட்டில், தலை ஒரு விரற்கடை மேலே போனது. பிறகு சரியாகிவிட்டது.

இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். இந்த முறை ஒரே ஒரு எட்டு. அல்லது ஒன்றுமேயில்லை. துடிப்பை மறுபடி எண்ணினேன். ஐம்பத்தாறு. நான்கு கூடியிருந்தது. விதிப்படி அது ஒரு பொருட்டே இல்லை.

பிரபு தன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து மூன்று சீட்டாக்கினார். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது, காட்டக்கூடாது. எழுதி மடித்துக் கொடுத்தோம். அவர் பிரித்தார். இரண்டு ‘தகுதி’. ஒன்று ‘இல்லை’. அந்த ஒன்று என்னுடையது.

“ஃபிட்” என்று அறிவித்தார் பிரபு. பெரும்பான்மை முடிவு மட்டும்தான் ஓட்டுபவருக்குச் சொல்லப்படும். யார் என்ன எழுதினார் என்பது வெளியே போகக்கூடாது. யாரும் யாரையும் மிரட்டவோ கெஞ்சவோ முடியாமலிருக்கத்தான் அந்த விதி. நல்ல விதி.

கவிதா நேராக என்னிடம் வந்தாள். “ரெண்டாவது தபா ஏன் ஓட்டச் சொன்னீங்க, மேடம்? எதுனா தெரிஞ்சுதா?”

“ஃபிட்னு சொல்லியாச்சேம்மா” என்றேன்.

“மூணு பேரும் அப்டித்தான் எழுதனீங்களா?”

“அதை நாங்க சொல்லக்கூடாது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த குதிரையின் சோதனைக் குறிப்பு அட்டையை எடுத்தேன்.

விதி என்னைத் தடுத்தது உண்மை. அதுமட்டுமே காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். முந்தாநாள்தான் அவள் வேலையில் குறை சொல்லிப் பட்டையை மேசையில் போட்டிருந்தேன். இப்போது அவள் குதிரையிலும் குறை என்று சொல்ல நாக்கு கூசியது. இரண்டு பேர் சரி என்கிறபோது நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்ற ஆசையும் இருந்தது. ஆம், ஆசைதான்.

அவள் இரண்டாம் சுற்றுக்குப் போனாள். மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு முறை ஏரிக்கரையில் தூசி எழும்போதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். மதிய வெயில் ஏறியது. யாரோ எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும் வாழை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். இலையைக் கையில் வைத்துக்கொண்டே வந்த குதிரைகளை எண்ணினேன். பதினோரு குதிரைகள் வந்துவிட்டன. மைனா வரவில்லை.

முடிவு நேரம் தாண்டிய பிறகு கவிதா நடந்து வந்தாள். தலையில் துணி, கையில் கயிறு, பின்னால் மைனா. சேணத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டிருந்தாள். இம்தியாஸ் பாய் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டார்.

“தார் ரோடு வந்ததும் எட்டு சரியா வைக்கல, பாய். எறங்கிட்டேன். ஆறு கிலோமீட்டர் இருக்கும். நடத்திக்கினே வந்துட்டோம்.”

விலகிய குதிரையையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நான் மைனாவின் இடது குளம்பைத் தூக்கினேன். சூடு. மஸ்தானின் இடுக்கியால் மெல்ல அழுத்தினேன். ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தாள். அடிக்குளம்பில் கல் குத்திய கன்றல். எலும்பில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தால் போதும். கவிதா மட்டும் இறங்காமல் அந்தத் தார் சாலையில் ஓட்டியிருந்தால் இவ்வளவோடு நின்றிருக்காது.

எல்லோரும் நகர்ந்த பிறகு கவிதா வாளித் தண்ணீரில் மைனாவின் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். பந்தயம் முடிந்துவிட்டது, இனி யாரும் யாரையும் கெஞ்ச ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, “நான் ‘இல்லை’ன்னுதான் எழுதினேன்” என்றேன். மற்றவர்களின் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள் கையை நிறுத்தவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “தெரிஞ்சிக்கினே போவ விட்டீங்களா?”

“உறுதியாத் தெரியாது. ரெண்டு எட்டுதான் பார்த்தேன். விதி...”

“வெள்ளிக்கிழம என் நம்பரு ஒட்டின பட்டைய எடுத்தாந்தீங்க. நான் பாயி முன்னாடி, உங்க முன்னாடி, என்னோடதுன்னு சொல்லலியா? எனக்கு அங்க வேலயே போயிருக்கும், மேடம். உங்களுக்கு இன்னா போயிருக்கும்?”

எனக்கு எதுவும் போயிருக்காது. மைனாவுக்கும் அவளுக்கும்தான் போயிருக்கும். அந்த விதியை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அவள் கேட்டபோது, ‘இடது காலைக் கவனித்துக்கொள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், யார் சீட்டும் வெளியே வந்திருக்காது. அந்த ஒரு வாக்கியம் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் எனக்குக் கிடைத்தது.

“மன்னிச்சிடும்மா” என்றேன். அவள் மிச்சத் தண்ணீரையும் மைனாவின் காலில் ஊற்றினாள். வாளி காலியானதும் எழுந்து, அடுத்த வாளி பிடிக்கப் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “காலைல வந்து இவளப் பாத்துட்டுத்தானே ஊருக்குப் போவீங்க?” என்றாள்.

திங்கட்கிழமை காலை தோப்புக்குப் போனேன். ஆலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவள் இரவு அங்கேயே, பாயின் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். குளம்பில் சூடு குறைந்திருந்தது. மஸ்தான் அதிகாலையிலேயே வந்து லாடத்தைக் கழற்றி, சாக்குத் துணியால் மெத்தென்று கட்டு போட்டுவிட்டுப் போயிருந்தார். நான்கைந்து எட்டு ஓடவிட்டுப் பார்த்தால் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கவிதா கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்க, மேடம். நான் பாக்கறேன்.”

“நானா?”

“ஆறு வருஷமா ஒண்ணு நான் இவ முதுகு மேல, இல்லன்னா பக்கத்துல கயித்தப் புடிச்சிக்கினு. இவ ஓடி வர்றத முன்னாடி நின்னு ஒருதபா கூட நான் பாத்ததில்ல. நீங்க எங்க நிக்கறீங்களோ அங்க நான் நிக்கணும்.”

நினைத்துப் பார்த்தேன். நான் எத்தனையோ குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். கல்லூரி நாட்களுக்குப் பிறகு ஒன்றோடும் சேர்ந்து ஓடியதில்லை. அட்டையைக் கீழே வைத்தேன். முழங்கால் சரியில்லை, வயது நாற்பத்தெட்டு, காலில் விமானத்துக்கான செருப்பு. கயிற்றை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பக்கத்தில் ஓடுகிறவளுக்குக் குதிரையின் தலை தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. கண் தரையில் இருக்கும், இல்லாவிட்டால் விழுவோம். ஆனால் மூன்றாவது எட்டில் கயிறு என் உள்ளங்கையில் சுண்டியது. தளர்ந்தது. மறுபடி சுண்டியது. இடது கால் படும்போதெல்லாம் யாரோ கையை லேசாகத் தட்டிக் கூப்பிடுவதுபோல.

திரும்பினேன். கவிதா குந்தி உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப... இப்ப... இப்ப...” என்று சத்தமாகச் சொன்னாள். அவள் சொல்லும்போதெல்லாம் என் கையில் கயிறு சுண்டியது. அவளிடம் வந்து நின்று மூச்சு வாங்கினேன்.

“தல தூக்குறது தெரியுது, மேடம். நல்லாவே தெரியுது. இன்னொரு தபா?”

“வேண்டாம், வலிக்கும்.”

“இவளுக்கா, உங்களுக்கா?”

அப்போதுதான் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் கேட்டேன்: “நேத்து சோதனைல இவளை ஓட்டிக்கிட்டு வந்தியே, கயிறு இழுத்துச்சா?”

கவிதா மைனாவின் கழுத்தில் கை வைத்தாள்.

“இழுத்துச்சு. புல்லுக்கு இழுக்கறான்னு நெனச்சிக்கினேன்.” பிறகு, நேற்று நாங்கள் நின்று சோதனை செய்த அந்த நாற்பது மீட்டர் செம்மண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க ஏது மேடம் புல்லு” என்றாள்.